வலது பக்கம் பாக்கி

ரசம் சாதத்தைக்கூட நான் ஸ்பூனால் சாப்பிடுகிறேன் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். காரணத்தைச் சொன்னால் இன்னும் கொஞ்சம் சிரிப்பீர்கள், அதற்கும் துணிந்துதான் சொல்கிறேன். பேய், முனி, செய்வினை என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சு முடிவதற்குள் எழுந்து போகிற ஆள் நான். தென்காசியில் பதினைந்து வருடமாகக் கேம் சென்டர் நடத்துகிறேன். கரண்டில் ஓடுகிற பொருளில் கோளாறு என்றால் ஒன்று ஒயரில் இருக்கும், இல்லையென்றால் அதைத் தொட்டவன் கையில் இருக்கும், மூன்றாவதாக ஒன்று கிடையவே கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். இது நடந்ததும் அமாவாசை ராத்திரியில் சுடுகாட்டில் இல்லை. குற்றாலத்தில், சீசன் நேரத்தில், காலை பதினொரு மணிக்கு, வாசலில் திருவிழாக் கூட்டம் போய்க்கொண்டிருக்கும்போது நடந்தது.

அதற்கு முன்னால் என் சுபாவத்தைச் சொல்லிவிட வேண்டும். அடுத்தவன் வியர்வை, அடுத்தவன் எச்சில், அடுத்தவன் தலை எண்ணெய் இந்த மூன்றும் எனக்கு ஆகாது. என் கடையில் முறுக்குத் தின்ற கையோடு யாராவது கன்ட்ரோலரைத் தொட்டால் வெளியே அனுப்பிவிடுவேன். ஊர் உலகமெல்லாம் குற்றாலத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு வரும், கூப்பிடு தூரத்தில் இருக்கிற நான் சீசனில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. சாரலும் காற்றும் நல்லதுதான், யார் இல்லையென்றது. ஆனால் ஷாம்பூ கவர் மிதக்கிற ஓடையும், யாரோ கழற்றிப் போட்ட ஈர ஜட்டியும், ஆயிரம் பேர் தலையிலிருந்து வழிந்த எண்ணெய் பாறையில் மஞ்சளாகப் படிந்து கிடப்பதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்டவனை அங்கே இழுத்துப்போனது என் மனைவி செல்வியின் தம்பி முத்து. அவன் டூரிஸ்ட் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். மூன்று வருடத்துக்கு முன்னால் சுரண்டை ரோட்டில் வேன் கவிழ்ந்ததில் பிழைத்தது பெரிது, கழுத்துதான் போய்விட்டது. இடது பக்கமும் திரும்பாது, வலது பக்கமும் திரும்பாது, யாராவது கூப்பிட்டால் இடுப்போடு சேர்த்து முழு உடம்பையும் திருப்புவான். 'கழுத்தில் எவன் கையும் படக்கூடாது, சொடக்கு கிடக்கு எடுத்தால் கை கால் விளங்காமல் போய்விடும்' என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கழுத்து திரும்பாதவன் வண்டி ஓட்ட முடியுமா? வீட்டிலேயே கிடந்தான், பேச்சும் குறைந்துபோயிற்று. அவனை நினைத்துச் செல்வி அழாத நாள் கிடையாது.

அவன்தான் போன ஆனி மாதம் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தான். உள்ளே புதிதாக வந்த வி.ஆர். ஹெட்செட், கண்ணை மறைத்து மாட்டினால் கேமுக்குள்ளேயே நிற்கிற மாதிரி காட்டும்.

"அத்தான், அருவியில தண்ணி கூடுச்சுன்னா போலீஸ்காரங்க கயிறு கெட்டிருதாங்க. குளிக்க வந்த சனம் பூரா சிப்ஸத் தின்னுக்கிட்டு ரோட்டுல சும்மா நடக்குது. அவுகள உள்ள உக்கார வச்சு இதத் தலையில மாட்டிவிட்டாப் போதும். ஐந்தருவி ரோட்டுல ஒரு ரூம் பாத்துட்டேன். இது கேமுக்கு லாயக்கான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. ஆகும்னா இன்னும் மூணு வாங்கிக் கடையத் தொறக்கேன். ஆகாதுன்னா விட்டுட்டு வீட்டுல உக்காந்துக்கிடுதேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பெட்டிமேல் இருந்த படத்தைப் பார்த்தவுடனேயே சந்தேகம்தான். முன்பக்கம் கனம் அதிகம், முகத்தில் பதிகிற இடத்தில் பஞ்சு மாதிரி ஒரு ஃபோம், அது வியர்வையைக் குடிக்கும், சாரல் ஈரத்தில் லென்ஸ் பூத்துப்போகும். படம் பார்க்கச் சரி, குதித்து விளையாடுவதற்குத் தாங்குமா என்று மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். அந்தக் கனத்தை நீ உன் தலையில் மாட்டக்கூடாது. சரி என்று தலையாட்ட முடியாததால் கையை ஆட்டினான்.

ரூமுக்குள் கால் வைத்ததுமே எனக்குத் திரும்பிவிடலாமா என்று இருந்தது. அதற்கு முன் அங்கே எண்ணெய் மசாஜ் நடந்திருக்கிறது. முத்து தரையைச் சோடா உப்புப் போட்டு நான்கு தடவை கழுவியிருந்தான், அப்படியும் செருப்பு வழுக்கியது. சுவரில், உட்கார்ந்தவர்கள் தலை சாய்க்கிற உயரத்தில், எண்ணெய்க் கறை வரிசையாக வட்டம் வட்டமாக இருந்தது. சுண்ணாம்பு அடித்தும் அது மேலே வந்துவிட்டது. எத்தனை தலை சாய்ந்திருக்கும் என்று நினைத்தபோதே எனக்கு வாயில் எச்சில் ஊறியது, நல்ல எச்சில் இல்லை.

முதல் நாள் நானே மாட்டினேன். பெட்டியின் சீலை உடைத்ததும் நான்தான், அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வருகிற பந்துகளைக் கையால் அடிக்கிற கேம் ஒன்று. கையில் கன்ட்ரோலர்கூட வேண்டாம், அந்த ஹெட்செட்டே கேமரா வழியாக நம் கையைப் பார்த்து உள்ளே நீல நிறத்தில் இரண்டு கையை வரைந்து காட்டும். படம் தெளிவு, வேகம் பரவாயில்லை. ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கேம் நின்று, உங்கள் பின்னால் யாரோ நிற்கிறார்கள், இடத்தைக் காலி செய்யுங்கள் என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. முத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறான், பின்னால் சுவர்தான். சுவரில் இருக்கிற எண்ணெய் வட்டத்தை ஆள் தலை என்று எடுத்துக்கொள்கிறது போல என்று முடிவு கட்டினேன். இப்போதும் சொல்கிறேன், அது நியாயமான முடிவுதான்.

இருபது நிமிடம் கழித்துக் கழற்றினால் என் நெற்றி, கன்னம் எல்லாம் வழவழ என்று எண்ணெய். நான் தலைக்கு எண்ணெய் வைக்காதவன். ஃபோமை இரண்டு விரலால் பிழிந்தேன், மஞ்சளாகச் சொட்டியது. நல்லெண்ணெயும் கற்பூரமும் ஏதோ வேரும் சேர்த்துக் காய்ச்சின வாசம், அதற்கு அடியில் பழைய தலையணை உறை நாற்றம்.

"ஏலே, எவன் தலையில மாட்டிப் பாத்தே?" என்று கத்திவிட்டேன்.

"நீங்கதான அத்தான் இப்ப சீல உடைச்சீக?" என்றான் அவன்.

ரூம் முழுக்க எண்ணெய் ஆவியாக இருக்கிறது, ஃபோம் அதைக் குடிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். வீட்டுக்குப் போய் மூன்று முறை சோப்புப் போட்டேன்.

மறுநாள் அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த மூன்று பேரை, சும்மா போட்டுப் பாருங்கள் என்று உள்ளே கூப்பிட்டோம். தலையில் எண்ணெய் இருக்கிறதா என்று ஒவ்வொரு மண்டையையும் நான் காகிதக் கைக்குட்டை வைத்து ஒற்றிப் பார்த்த பிறகுதான் விட்டேன். ஒருவன் ஐந்தாவது நிமிடமே கழற்றி எறிந்துவிட்டு வாசலில் போய் வாந்தி எடுத்தான், பரோட்டா துண்டு துண்டாகக் கிடந்தது, அது எல்லா வி.ஆர். பெட்டியிலும் உள்ள குறை, அதை விடுங்கள். மற்ற இரண்டு பேரும் சொன்னதுதான் எனக்கு இடித்தது.

"அண்ணே, மண்டையில தட்டுற மாதிரி ஒரு எஃபெக்ட் வச்சிருக்காங்க பாருங்க, பிரமாதம்!"

"காதுக்குப் பின்னாடி அமுக்குது, தூக்கமே வந்துருச்சு."

அந்தப் பெட்டியில் அப்படி ஒன்றும் கிடையாது. பட்டையும் பஞ்சும்தான், உள்ளே மோட்டார் எதுவும் இல்லை. முத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஆளுக்குப் பிடித்துவிட்டது அத்தான் என்று குதிக்காத குறை. நான் ஃபோமை எடுத்துப் பார்த்தேன். மறுபடியும் சொட்டச் சொட்ட எண்ணெய். அதில் இரண்டு மூன்று நரைமுடி ஒட்டியிருந்தது. வந்த மூன்று பேருக்கும் தலை கருகரு என்று இருந்தது, எங்கள் இரண்டு பேருக்கும் இன்னும் நரைக்கவில்லை. அந்த முடியை நகத்தால் எடுத்துப் போட்டுவிட்டு அந்த நகத்தையே வெட்டி எறிந்தேன்.

பக்கத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூறு வைத்து விற்கிற பிச்சம்மாள் அக்காவிடம், இந்த ரூமில் முன்னால் யார் இருந்தார்கள் என்று கேட்டேன்.

"எண்ணெய் தேய்க்கிற அண்ணாச்சிதான். கைன்னா அப்படிக் கை தம்பி. கழுத்துல சொடக்கு எடுக்காம ஒருத்தரையும் எந்திரிக்க விடமாட்டாக. இடப்பக்கம் ஒண்ணு, வலப்பக்கம் ஒண்ணு. ஒரு பக்கம் எடுத்துட்டு மறுபக்கம் எடுக்கதுக்குள்ள ஆளு எந்திரிச்சுப் போயிட்டான்னா, கை சும்மா இருக்க மாட்டேங்குதுன்னு பொலம்புவாக. அருவிவரைக்கும் தேடிப் போயி, ஒருத்தன ஈரத் துண்டோட கூட்டியாந்து உக்காரவச்சு எடுத்துவிட்டத நானே பாத்திருக்கேன்."

"இப்ப எங்க இருக்காரு?"

"போன சீசன்ல பாதியிலயே துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு ஊருக்குப் போறேன்னு போனாக. வரல. எந்த ஊருன்னு யாரு கேட்டா?" என்று பழத்தில் மொய்த்த ஈயை விரட்டினாள்.

அவர் செத்தாரா இருக்கிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலையில் முத்துவிடம் இது ஆகாது என்று சொல்லிவிடும் முடிவோடுதான் போனேன். மூஞ்சிக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லாமல், டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்தேன். இரண்டு கிளாஸோடு திரும்பி வந்தால் அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டியிருக்கிறான். வந்து பார்ப்பவர்களுக்குக் காட்டுவதற்காக, உள்ளே தெரிகிற காட்சி எதிரில் இருக்கிற டிவியில் ஓடும்படி வைத்திருந்தோம். நான் வாசற்படியில் நின்று திட்ட வாயைத் திறந்தேன். அப்போதுதான் டிவியைப் பார்த்தேன்.

டிவியில் முத்துவின் இரண்டு நீலக் கைகள் பந்துகளை அடித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு மேலே, அவன் உச்சந்தலைக்குப் பின்னாலிருந்து வருகிற மாதிரி, இன்னும் இரண்டு நீலக் கைகள் இறங்கி வந்தன. கேமரா எதைப் பார்க்கிறதோ அதைத்தான் அது வரையும், என் பிழைப்பே இதுதான், எனக்குத் தெரியாதா? அந்தக் கைகள் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டன, எண்ணெய் ஊற்றியதும் தேய்ப்பார்களே அப்படி. நாற்காலிக்குப் பின்னால் பார்த்தேன், சுவர்தான் இருக்கிறது. ஆனால் முத்துவின் முடி அமுங்குகிறது, எழும்புகிறது. தலையில் கை தட்டுகிற சத்தம், தட் தட் தட் என்று, ரூம் முழுக்கக் கேட்டது.

"அத்தான், மெதுவா. நீங்க இதெல்லாம் எப்ப படிச்சீக?" என்றான் முத்து. நான் அவனுக்கு எதிரில், எட்டடி தூரத்தில், டீ கிளாஸோடு நிற்கிறேன்.

கூச்சல் போட்டிருக்கலாம், ஓடிப் பிடித்திருக்கலாம், எதுவும் செய்யவில்லை. பயம் என்று நினைப்பீர்கள். பயமில்லை, சத்தியமாக அருவருப்பு. அந்த எண்ணெயைத் தொட வேண்டுமே என்கிற நினைப்பு என் காலைக் கட்டிவிட்டது. செல்வியின் தம்பி, டாக்டர் தொடவே கூடாது என்ற கழுத்து, நான் நின்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதை நினைத்தால் என்மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

அவன் தாடை தானாக மேலே தூக்கியது. தலை மெல்ல ஒருமுறை ஆடியது, பிறகு சடக்கென்று இடது பக்கம் திரும்பியது. விறகு ஒடிகிற சத்தம். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. கிளாஸைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அவன் முகத்திலிருந்து ஹெட்செட்டை இரண்டு கையாலும் பிடுங்கினேன். ஃபோமுக்கும் அவன் நெற்றிக்கும் நடுவே என் விரலை நுழைத்தபோது அங்கே ஏற்கெனவே விரல்கள் இருந்தன. தடித்த, வெதுவெதுப்பான, வழவழத்த விரல்கள். அவை என் விரல்களுக்கு இடையில் ஒவ்வொன்றாக நழுவி எங்கேயோ போயின. வெளியே போன மாதிரி எனக்குத் தோன்றவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை.

செத்தான் என்றுதான் நினைத்தேன். அவன் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, பிறகு மெல்ல இடது பக்கம் கழுத்தைத் திருப்பினான். தோள் அசையவில்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கழுத்து மட்டும் திரும்பி, பக்கத்துக் கடையில் இருந்த பிச்சம்மாள் அக்காவைப் பார்த்துச் சிரித்தான். அழுதான் என்றும் சொல்லலாம்.

"அத்தான்! என்ன கை உங்களுக்கு! வலப்பக்கமும் எடுத்துவிடுங்க அத்தான், பாதியில விடாதீக."

நான் இல்லை என்று சொன்னேன். சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். டாக்டருக்குப் பயந்து மறைக்கிறேன் என்று அவனே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டான். பெட்டி கேமுக்கு ஆகாது, கடையும் வேண்டாம், இந்த ரூமும் வேண்டாம் என்றேன். என் வார்த்தைக்கு மரியாதை வைத்துப் பெட்டியைக் கொடுத்துவிட்டான், ரூமை விடவில்லை, அதிலேயே நேந்திரங்காய்ச் சிப்ஸ் போட்டு உட்கார்ந்துகொண்டான். வாங்கின இடத்தில் ஹெட்செட்டைத் திருப்ப முடியவில்லை, இவ்வளவு எண்ணெய் குடித்த பொருளை எடுக்க மாட்டோம் என்றார்கள், நியாயம்தானே. அதைப் பாலிதீன் கவரில் போட்டு டேப் ஒட்டி எங்கள் வீட்டுப் பரணில் வைத்திருக்கிறேன். ஒட்டின டேப் ஒட்டினபடியே இருக்கிறது, சந்தேகமிருந்தால் ஏறிப் பாருங்கள்.

ஆனால் என் கை. அன்றிலிருந்து இரண்டு கையிலும் அந்த எண்ணெய் வாசம். சோப்பு, சீயக்காய், எலுமிச்சம்பழம், டீசல்கூடப் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டேன். செல்வி முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, சோப்பு வாசம்தான் வருகிறது என்கிறாள். எனக்கு வருகிறது. அந்தக் கையால் பிசைந்த சோறு தொண்டைக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. ஸ்பூன் வந்த கதை இதுதான், ஆனால் கதை இத்தோடு முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவில் ஒரு கார் வந்து நின்றது. ரிவர்ஸில் சந்துக்குள் ஏறியது. டிரைவர் வலது பக்கத்து ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, நன்றாகப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஒரே வீச்சில் கொண்டுவந்து நிறுத்தினான். முத்து. செல்வி ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள். ஓட்டிக் காட்டியதுமே மறுபடியும் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று அல்வாப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தான். சட்டைக் காலரில் மஞ்சளாக எண்ணெய்க் கறை.

"யாருலே வலப்பக்கம் எடுத்துவிட்டா?" என்று கேட்டேன்.

"வெளையாடுதீகளா அத்தான்? நேத்துப் பதினோரு மணிக்கு நீங்கதான கடைக்கு வந்தீக. ஒண்ணும் பேசாம பின்னாடி வந்து நின்னீக, எடுத்துவிட்டீக, கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பாக்காமப் போயிட்டீக. பிச்சம்மா அக்காவும் பாத்துச்சே."

முந்தின நாள் முழுக்க நானும் செல்வியும் கீழப்பாவூரில் ஒரு காதுகுத்து வீட்டில் இருந்தோம். நான் செல்வியைப் பார்த்தேன், அவள் சாட்சி சொல்வாள் என்று. அவள் அல்வாப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அங்கனதான் இருந்தீக... நடுவுல கை கழுவிட்டு வாரேன்னு போனீக. ரொம்ப நேரமாச்சு. நான்கூடத் தேடுனேன்."

கை கழுவத்தான் போனேன். பின்கட்டுக் குழாயில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தேன், சோப்பு கரைகிறவரை தேய்த்தேன், அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எவ்வளவு நேரம் என்றுதான் ஞாபகம் இல்லை. அங்கிருந்து குற்றாலம் போய் வருவதென்றால் பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதெல்லாம் நடக்கிற காரியமா? நீங்களே சொல்லுங்கள். முத்து நன்றாக இருக்கிறான், வண்டி ஓட்டுகிறான், பெண்கூடப் பார்க்கிறார்கள்.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தண்ணீர்க் குடம் தூக்கியதில் கழுத்துப் பிடித்துக்கொண்டது, கொஞ்சம் அமுக்கிவிடுங்கள் என்று சொல்லிச் செல்வி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். நான் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.